பூட்டி வைத்த நஞ்சு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரசாயன ஆயுதங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தபின் ஓர் ஐயம் எழுந்தது. போரில் நச்சுவாயுவைப் பயன்படுத்தக் கூடாது என்று 1925ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தமே சொல்லிவிட்டது. எதிரி அஞ்சட்டும் என்பதற்காக மட்டும் ஒரு நாடு அதைப் பூட்டி வைத்திருந்தால் யாருக்கு என்ன கேடு? இருப்பையே அழிக்க வேண்டும் என்னும் பிற்கால ஒப்பந்தம் மிகையாகப் படுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளும் ஏறத்தாழ இப்படித்தான் எண்ணின. அந்த எண்ணத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை இத்தாலியின் பாரி துறைமுகத்தில் பார்க்கலாம்.

1943 டிசம்பர் 2 இரவு ஜெர்மானிய விமானங்கள் அத்துறைமுகத்தைத் தாக்கின. அங்கே நின்றிருந்த ‘ஜான் ஹார்வி’ என்னும் அமெரிக்கச் சரக்குக் கப்பலில், ஜெர்மனி வாயுத் தாக்குதலில் இறங்கினால் பதிலடி கொடுப்பதற்கென்று ரகசியமாகக் கொண்டுவரப்பட்ட கடுகு வாயுக் குண்டுகள் சுமார் 2,000 இருந்தன. கப்பல் வெடித்தது, சரக்கு இன்னதென்று அறிந்திருந்தவர்களும் அதோடு மாண்டார்கள். வாயு என்பது பெயரளவில்தான், கடுகு வாயு உண்மையில் எண்ணெய் போன்ற திரவம். அது கடலில் பரவிய எரியெண்ணெயோடு கலந்தது. அந்தப் படலத்தில் நீந்திக் கரையேறிய மாலுமிகள் குளிரிலும் அதிர்ச்சியிலும் நடுங்குகிறார்கள் என்று கருதி, நனைந்த உடையைக்கூட மாற்றாமல் கம்பளி போர்த்திப் படுக்க வைத்தார்கள்.

இந்த நஞ்சு தோலில் படும்போது வலிப்பதில்லை. ஆகவே உடனே கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதுமில்லை. சில மணி நேரம் கழித்தே கண்கள் வீங்கி மூடுகின்றன, தோல் கொப்பளிக்கிறது, மூச்சுக்குழாய் புண்ணாகிறது. பாரியில் கம்பளி போர்த்திய அன்புள்ள கைகளே நஞ்சை உடலோடு பொதிந்து வைத்தன என்பதை என்னால் கலங்காமல் எழுத முடியவில்லை. படையினரிலும் மாலுமிகளிலும் பாதிக்கப்பட்டோர் 600க்கும் மேல். அவர்களில் 83 பேர் அம்மாதத்திலேயே இறந்தார்கள். நகரவாசிகளில் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. விசாரிக்க வந்த மருத்துவர் ஸ்டூவர்ட் அலெக்சாண்டர் காரணத்தைக் கண்டறிந்த பின்னும் உண்மை மறைக்கப்பட்டது. எந்த எதிரியின்மீதும் ஏவப்படாத ஆயுதம் இது. கிடங்குச் சரக்காக இருந்தபோதே கொன்றது.

1925 ஒப்பந்தம் பயன்படுத்துவதைத் தடுத்ததே ஒழிய, தயாரிப்பதையும் சேர்த்து வைப்பதையும் தடுக்கவில்லை. அதை ஏற்றிருந்த இத்தாலியே 1935இல் எத்தியோப்பியாவில் கடுகு வாயுவை விமானத்திலிருந்து பொழிந்தது. போர் முடிந்து கைவிடப்பட்டாலும் அது அடங்குவதில்லை: ஜப்பானியப் படை விட்டுச்சென்ற கடுகு வாயுப் பீப்பாய்கள் 2003இல் சீனாவின் சிச்சிகார் நகரில் ஒரு கட்டுமான இடத்தில் வெளிப்பட்டபோது ஒருவர் இறந்தார், நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

இதனால்தான் 1997இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், இருப்பைக் கணக்குக் காட்டு, ஆய்வாளருக்குக் கதவைத் திற, அழி என்கிறது. சிரியாவில் அது தோற்றதே என்று நீங்கள் கேட்கக்கூடும். 2013இல் அந்நாடு ஒப்பந்தத்தில் சேர்ந்து சுமார் 1,300 டன் ரசாயனங்களைக் கணக்குக் காட்டி ஒப்படைத்தது உண்மை. 2017 ஏப்ரலில் கான் ஷேக்குன் ஊரில் சாரின் என்னும் நரம்பு நஞ்சு வீசப்பட்டதும் உண்மை. ஐ.நா.வும் ரசாயன ஆயுதத் தடை அமைப்பும் நடத்திய கூட்டு விசாரணை, அதற்குச் சிரிய அரசே பொறுப்பு என்று முடிவு செய்தது. கணக்கில் வந்தவை அழிக்கப்பட்டுவிட்டன. அந்த ஊரின் குழந்தைகளைக் கொன்றது கணக்கில் வராதது.