கொழுப்புச் சவ்வில் தண்ணீருக்கு ஏது வழி?

கேள்வி: வடுமாங்காயை உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால், சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே இரண்டு மூன்று நாளில் நீர் விட்டுச் சுருங்கிவிடுகிறது. செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது என்கிறது என் மகளின் பாடப் புத்தகம். கொழுப்பைக் கடந்து தண்ணீர் எப்படி வெளியே வருகிறது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உயிரியல் ஆசிரியையாக இருந்த காலமெல்லாம், மாணவிகளில் ஒருத்தியாவது இதைக் கேட்கமாட்டாளா என்று காத்திருந்தேன். உப்பு மிகுந்த பக்கம் நோக்கிச் சவ்வின் ஊடே நீர் நகர்வதை ‘சவ்வூடுபரவல்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். வழி எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

தண்ணீர் சவ்வின் இரு பக்கமும் ஓயாமல் போய்வந்துகொண்டுதான் இருக்கிறது. வெளியே உப்பு மிகுந்தால், உள்ளே வருவதைவிட வெளியேறும் நீர் அதிகமாகிவிடும். கொழுப்பின் ஊடாகவும் கொஞ்சம் கசியும், ஆனால் மெதுவாக.

ஆய்வகத்தில் இரண்டு சோதனைக்குழாய்கள் வைப்பேன். ஒன்றில் ரத்தத்தின் உப்பளவுக்கு ஈடான 0.9 சதவீத உப்புநீர், மற்றதில் உப்பே இல்லாத வாலைவடிநீர். இரண்டிலும் ஒரு சொட்டு ரத்தம். முதலாவது கலங்கலாகவே நிற்கும். இரண்டாவது பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்துவிடும். பின்னால் பிடித்த செய்தித்தாளைப் படிக்கலாம். நீர் புகுந்து சிவப்பணுக்கள் வெடித்துவிட்டன. சிவப்பணுவுக்குள் நீர் பாயும் வேகத்தைப் பார்த்துத்தான், சவ்வில் தனி வாசல் இருக்கவேண்டும் என்று விஞ்ஞானிகள் சந்தேகித்தார்கள்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஆக்ரே அந்த வாசலைத் தேடவே இல்லை. ஆர்எச் ரத்தவகைப் புரதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கூடவே வேறொரு சிறு புரதம் ஒட்டிக்கொண்டு வந்தது. சிவப்பணுச் சவ்வில் அது ஏராளம். வேலை என்னவென்று மட்டும் தெரியவில்லை. தவளையின் முட்டைச் செல் நீரை எளிதில் உள்ளே விடாது. அதற்குள் இந்தப் புரதத்தைச் செய்யும் ஆர்என்ஏவைச் செலுத்தி, நீர்த்த கரைசலில் போட்டார்கள். சில நிமிடங்களில் உப்பி வெடித்தது! செலுத்தாத முட்டை அப்படியே கிடந்தது. இது வெளியானது 1992இல். 2003இல் ஆக்ரேவுக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அந்தப் புரதத்தின் பெயர் அக்வாபோரின். நீர் மூலக்கூறுகள் அதற்குள் ஒற்றை வரிசையில், நொடிக்குச் சுமார் 300 கோடி வீதம் கடக்கின்றன. நீரைவிடச் சிறிய ஹைட்ரஜன் அயனிக்கோ அனுமதி இல்லை. எனக்கு இன்றும் அடங்காத வியப்பு அதுதான்.

வடுமாங்காயின் செல்களிலும் அக்வாபோரின்கள் உண்டு. தாவரங்களில் நம்மைவிட அதிக வகைகள். ஆனால் உங்கள் ஜாடியில் முதலில் ஊறும் நீருக்குத்தான் அந்த வாசல். உப்பின் கடுமையில் செல்கள் செத்துச் சவ்வு குலைந்தபின், சாறு தடையின்றி வெளியே வந்துவிடும்.