வீட்டுப் பாதுகாப்புச் சேவையை இடையில் நிறுத்தினால் மீதி மாதங்களின் கட்டணம் முழுவதையும் கட்டியே ஆக வேண்டுமா?

கோவையில் உங்கள் வீட்டுக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் அலாரம் சேவை எடுத்ததாகவும், பத்து மாதங்களுக்குள் அது சரியாக இயங்காமல் போனதாகவும், ரத்து செய்யச் சொன்னபோது மீதமுள்ள 26 மாதங்களின் கட்டணத்தையும் ஒரே தொகையாகக் கேட்டு, ஏழு நாட்களுக்குள் கட்டும்படி வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்ட பிறகு கட்டுவதைத் தவிர வழியில்லை என்று உறவினர் ஒருவர் சொன்னதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவர் சொன்னது சரியன்று. நான் வழக்கறிஞர் அல்லன். ஆனால் இதே பிரச்சினையை என் பெற்றோருக்காக முதலிலிருந்து கடைசி வரை நடத்தியிருக்கிறேன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் என் பெற்றோர் இருவர் மட்டும் வசிக்கிறார்கள். 2022 ஜூன் மாதம் வீட்டுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி, பக்கத்துத் தெருவில் நடந்த திருட்டைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கி, அரை மணி நேரத்தில் டேப்லெட் திரையில் அப்பாவின் விரலால் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒப்பந்தத்தின் படி மூன்று நாள் கழித்துத்தான் மின்னஞ்சலில் வந்தது. பதினான்கு பக்கமும் ஆங்கிலம். மாதம் 1,350 ரூபாய், 36 மாதங்கள், 5,000 ரூபாய் முன்பணம் ஆகிய மூன்றை மட்டுமே அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். இடையில் நிறுத்தினால் மீதிக் கட்டணம் முழுவதும் உடனே செலுத்த வேண்டும்; நிறுவனமோ 15 நாள் அறிவிப்பில் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்; 36 மாதம் முடிவதற்கு 90 நாள் முன்பே எழுத்தில் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் ஒப்பந்தம் தானாக ஓராண்டு நீளும்; திருட்டே நடந்தாலும் நிறுவனத்தின் பொறுப்பு ஒரு மாதக் கட்டணத்துக்கு மேல் போகாது. இவையெல்லாம் உள்ளே இருந்தன.

இந்த விதிகளைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில், அவற்றின் அநியாயத்தைப் பற்றியே நீண்ட மின்னஞ்சல்கள் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் அதில் வீணானது. உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆயுதம், அவர்கள் வாக்களித்த சேவை கிடைக்கவில்லை என்பதற்கான பதிவுதான். விதி நியாயமானதா என்ற வாதம் அதற்குத் துணையாக வர வேண்டும். இதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நியாயமற்ற ஒப்பந்தம் என்றால் என்ன என்பதைப் பிரிவு 2(46)இல் முதன்முறையாக வரையறுத்தது. ஒப்பந்தத்தை மீறியதற்காக, மறுதரப்புக்கு ஏற்பட்ட இழப்புக்குச் சிறிதும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் மேல் சுமத்துவது அதில் ஒன்று. தக்க காரணமின்றி ஒருதலையாக முடித்துக்கொள்ளும் உரிமையை ஒரு தரப்புக்குக் கொடுப்பது இன்னொன்று. அப்பாவின் ஒப்பந்தம் இரண்டிலும் அப்படியே பொருந்தியது. ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற ஒரே காரணத்தின் மேல் புகார் கொடுத்து ஒரு விதியைச் செல்லாது என்று அறிவிக்கக் கோருவதானால், சட்டம் அந்த அதிகாரத்தை மாநில நுகர்வோர் ஆணையத்துக்கும் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கும்தான் தந்திருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது மாவட்ட ஆணையம். அங்கே சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டு காரணங்களின் மேல் புகார் கொடுக்கலாம். ஆகவே புகாரின் முதுகெலும்பு சேவைக் குறைபாடாக இருக்கட்டும்.

குறைபாட்டை நாங்கள் நிறுவிய விதத்தைச் சொல்கிறேன். ஆறாவது மாதத்திலிருந்தே கொல்லைப்புறக் கதவின் சென்சார், கதவைத் திறந்தாலும் பேசாமல் இருந்தது. அதைவிடப் பெரிய குறை, அவசரப் பொத்தானை அழுத்தினால் 90 விநாடிக்குள் கண்காணிப்பு அறையிலிருந்து அழைப்பு வரும் என்று அவர்களே அச்சிட்டுக் கொடுத்திருந்தும், அப்படி வராமல் போனது. கருவியில் இருந்த சிம்முக்கு அந்தச் சுவர் மூலையில் சிக்னலே இல்லை என்று, பார்க்க வந்த டெக்னீஷியனே அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நான்கு நாட்களில், நாளுக்கு ஒன்றாக, பகலில் இரண்டு தடவையும் இரவில் இரண்டு தடவையும் என மொத்தம் நான்கு தடவை, சோதனை செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, கூடத்துச் சுவர்க்கடிகாரமும் அன்றைய நாளிதழின் முகப்பும் தெரியும்படி வீடியோ ஓட விட்டு, அம்மா பொத்தானை அழுத்தினார். ஒரு தடவை 47 நிமிடம் கழித்து அழைப்பு வந்தது. மற்ற மூன்று தடவை வரவே இல்லை. புகார்மனுவில் நாங்கள் எழுதிய எல்லாப் பக்கங்களையும் விட அந்த நான்கு வீடியோக்களுக்குத்தான் எதிர்த்தரப்பால் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டிலும் இதை முதலில் செய்யுங்கள். டெக்னீஷியன் வந்துபோன ஒவ்வொரு நாளையும் குறித்து, அவர் கையெழுத்திட்ட சர்வீஸ் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களையும் வீடியோக்களையும் சான்றாகத் தரும்போது, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுகளுக்குத் தர வேண்டிய சான்றிதழையும் சேர்த்து வைப்பது பாதுகாப்பு.

அபராதத் தொகைக்கு வருகிறேன். எங்களிடம் 29 மாதத்துக்கு 39,150 ரூபாய் கேட்டார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 74ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தாலும் அதை உச்சவரம்பாகக் கொண்டு அதற்குட்பட்ட நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். குறித்த தொகை அப்படியே கிடைத்துவிடாது. கருவிகளைக் கழற்றிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் மாட்டப்போகிறவர்கள், கண்காணிக்காத 29 மாதங்களுக்கு என்ன செலவு செய்தார்கள் என்று எழுத்தில் கணக்குக் கேளுங்கள். எங்களுக்கு அந்தக் கணக்கு கடைசி வரை வரவில்லை. 2019இல் பயனீர் அர்பன் லேண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டுமான நிறுவனம் தானே எழுதிவைத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதைத் தவிர வீடு வாங்குபவருக்கு வேறு வழி இல்லாதிருந்தால், அதிலுள்ள ஒருதலையான விதிகள் அவரை இறுதியாகக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. அது அடுக்குமாடி வீட்டைப் பற்றிய வழக்கு என்றாலும், அச்சடித்த ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கும் எல்லாச் சேவைகளிலும் எடுத்துச்சொல்லத் தக்கது.

வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் மேண்டேட்டை, ரத்துக் கடிதம் அனுப்பிய பிறகே நிறுத்துங்கள். முன்னதாக நிறுத்தினால் தவறியவர் நீங்கள் என்று பேச இடம் கொடுத்தவர் ஆவீர்கள். அப்பா வங்கிக் கிளைக்குப் போனபோது நிறுவனம்தான் ரத்து செய்ய வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது தவறு. மேண்டேட்டை ரத்து செய்யும்படி கணக்கு வைத்திருப்பவர் தன் வங்கியிடமே எழுதிக் கேட்கலாம். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: கருவிகளை ஏதாவது நிதி நிறுவனத்தின் தவணையில் வாங்கியிருந்தால் அது தனிக் கடன். அந்தத் தவணையை நிறுத்தினால் உங்கள் சிபில் மதிப்பெண் பாதிக்கும்.

இணையத்தில் காணும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, வீட்டுக்கு வந்து விற்றதை மூன்று நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று எண்ணிவிட வேண்டாம். அது அமெரிக்காவின் விதி. நம் நாட்டில் எல்லா வீட்டுவாசல் விற்பனைக்கும் பொருந்தும் அப்படி ஒரு பொது உரிமை இல்லை.

புகாருக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். எங்களுக்கு அதில் தீர்வு கிடைக்கவில்லை, ஆனாலும் நிறுவனம் எழுத்தில் தந்த முதல் பதில் அதன் வழியாகத்தான் வந்தது. பிறகு பதிவுத் தபாலில் 15 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்பினோம். ஏப்ரல் 2023இல் திருச்சி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுத்தோம். இணையத்தில் புகார் பதியும் தளம் அப்போது இ-தாகில், இப்போது இ-ஜாக்ரிதி. செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். தகராறு வந்தால் டெல்லியில் நடுவர் மன்றத்திடம்தான் போக வேண்டும் என்று அவர்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. நடுவர் விதி நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உறுதிசெய்துவிட்டது. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. ஆகவே உங்களுக்குக் கோவையே போதும்.

எங்கள் வழக்கில் தீர்ப்பு வரவில்லை. நவம்பரில் ஆணையம் சமரசத்துக்கு அனுப்பியபோது நிறுவனம் 39,150 ரூபாய்க் கோரிக்கையைக் கைவிட்டு, முன்பணத்தையும் நான்கு மாதக் கட்டணத்தையும் திருப்பித் தந்தது. அப்பாவின் மன உளைச்சலுக்கு நாங்கள் கேட்டது கிடைக்கவில்லை. அதை விட்டுக்கொடுத்தது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரை ஆட்டோவில் அழைத்துப்போவதை நிறுத்த வேண்டியிருந்தது.

நிறுவனத்தின் வழக்கறிஞரிடமிருந்து உங்களுக்கு வந்த நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அன்று. அதில் சொல்லும் ஏழு நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டிய சட்டக் கட்டாயம் எதுவும் அதனால் வந்துவிடாது. ஆயினும் பதில் அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். எந்தெந்த நாளில் எந்தக் கருவி வேலை செய்யவில்லை, எப்போது புகார் சொன்னீர்கள், எந்தத் தேதியோடு சேவையை முடித்துக்கொண்டீர்கள், கருவிகளை எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துச் செல்லலாம் என்ற நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி, இந்த வாரத்துக்குள் ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ஒப்புகை வந்ததும் அதை ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.