கீழாநெல்லிக்கு எதற்கு கேம்பிள்? – கடிதம்

வணக்கம் ஐயா,

முதுகலை தாவரவியல் முடிக்கப்போகிறேன். கீழாநெல்லியில் ஆய்வு செய்ய ஆசை. கைடிடம் போனால் "முதலில் கேம்பிளையும் மேத்யூவையும் பார்த்துவிட்டு வா" என்கிறார். இருவரும் நம் பகுதிச் செடிகளை அடையாளம் காண நூல் எழுதியவர்கள். ஆய்வுக் கட்டுரைகளே இணையத்தில் கொட்டிக் கிடக்கும்போது கேம்பிளின் நூறு வருடப் பழைய புத்தகம் எதற்கு?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கைடு சொல்வதைக் கேளுங்கள். கட்டுரையில் தொடங்கினால், எந்தச் செடியைப் பற்றிப் படிக்கிறோம் என்பதிலேயே குழம்பிவிடுவீர்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் மீது கீழாநெல்லிச் சாறு வேலை செய்கிறது என்று அமெரிக்க விஞ்ஞானி பிளம்பெர்க்கின் குழு 1987இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில் செடியின் அறிவியல் பெயர் பில்லாந்தஸ் நிரூரி என்று இருக்கும். மறு வருடம் சென்னையில் நடந்த சோதனையை லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டபோது பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். உண்மையான நிரூரி அமெரிக்கச் செடி. நம் வயல்வரப்புச் செடி அமாரஸ். கேம்பிள் உட்பட அந்தக் கால இந்திய நூல்கள் இதை நிரூரி என்றே எழுதின. அந்தப் பழக்கம் வெகுகாலம் தொடர்ந்தது. இது தெரியாமல் ஒரே பெயரைத் தேடினால் பாதிக் கட்டுரைகள் கண்ணில் படாது. பின்னால் வேறு நாடுகளில் நடந்த சில சோதனைகளில் சென்னையில் கண்ட பலன் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்கப் போனாலும், எந்தச் செடி என்பதுதான் முதல் கேள்வி.

அதனால் புத்தகத்தைப் படிக்க உட்காராதீர்கள், செடியோடு உட்காருங்கள். பூவும் காயுமாக வேரோடு பிடுங்கி வந்து, மேத்யூவின் தமிழ்நாடு கர்நாட்டிக் ஃப்ளோராவில் உள்ள கீயில், அதாவது உறுப்புகளைப் படிப்படியாக ஒப்பிட்டுச் செடியின் பெயரைக் கண்டுபிடிக்கும் அட்டவணையில், லென்ஸும் கையுமாக ஒவ்வொரு படியாக இறங்குங்கள். பெயர் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நேரே அந்தப் பக்கத்துக்குத் தாவக்கூடாது. நான் பார்த்த மாணவர்கள் பலர் செய்வது அதைத்தான். அமாரஸ் பூவில் இதழ் போன்ற உறுப்புகள் ஐந்து. அதே பேரினத்தைச் சேர்ந்த மேலாநெல்லியிலும் பில்லாந்தஸ் யூரினாரியாவிலும் ஆறு. யூரினாரியாவின் காய் சொரசொரப்பாக இருக்கும், அமாரஸ் காய் வழவழப்பு. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் செடிக்கட்டுகளில் இவை கலந்து வரலாம், அதை வைத்து ஆய்வைத் தொடங்காதீர்கள்.

செடியின் தாவரக் குடும்பமும் மாறியிருக்கிறது. கேம்பிளில் யூஃபோர்பியேசியில் தேட வேண்டும், இப்போது அது பில்லாந்தேசி. இன்றைய பெயரை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையதளத்தில் சரிபார்த்துவிடலாம்.

கடைசியாக, ஒரு செடியை அழுத்தி உலர்த்தி, இடமும் தேதியும் எழுதித் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்துக்கு, அதாவது உலர்த்திய செடிகளின் காப்பகத்துக்கு, கொண்டுபோங்கள். அங்குள்ள தாள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் மாதிரியை அங்கே சேர்க்க முடிந்தால், அதன் எண்ணை ஆய்வேட்டில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.