விளக்கில்லாமல் நின்ற லாரியில் மோதினால் நஷ்ட ஈடு கிடைக்குமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. தஞ்சாவூரில் டூவீலர் மெக்கானிக். ஐந்து வாரத்துக்கு முன் இரவு பத்து மணிக்கு, உளுந்தூர்பேட்டை அருகே நெடுஞ்சாலையில் விளக்கே இல்லாமல் நின்ற டிரெய்லர் லாரியின் பின்னால் பைக்கோடு மோதிவிட்டான். வலது முழங்கால் நொறுங்கி பிளேட் வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆரில் தப்பு தம்பி மேல் என்று இருக்கிறது. லாரி ஓனர், ‘60,000 ரூபாய் தருகிறேன், எழுதிக் கொடுங்கள்’ என்கிறார். ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவர் 20 லட்சம் வாங்கித் தருவதாகச் சொல்லி வெற்றுத் தாள்களில் கையெழுத்துக் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக, அந்த இரண்டு பேரிடமும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் தம்பிக்கு வழக்கு இருக்கிறது.

‘நின்ற வண்டியில் போய் மோதியவனுக்கு நஷ்ட ஈடா?’ என்று ஸ்டேஷனிலேயே கேட்டிருப்பார்கள். பழுதாகி நிற்கும் வண்டியும் ‘பயன்பாட்டில்’ உள்ள வண்டிதான் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. மற்றவர்களுக்கு ஆபத்து வரும்படி சாலையில் வண்டியை நிறுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தடை செய்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் அது குற்றமும்கூட. இவ்வளவு இருந்தும், இரவில் லாரியின் பின்னால் மோதியவர் மேலேயே எஃப்.ஐ.ஆர். போடுவது வழக்கமாகிவிட்டது. அடிபட்டவர் ஐ.சி.யூ.வில் கிடக்கும்போது லாரி டிரைவர் சொல்வதுதான் புகாராகிறது.

எஃப்.ஐ.ஆர். ஒரு தொடக்கம், அவ்வளவுதான். நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்தில் குற்ற வழக்குப்போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை; எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஆனால், காட்டுவதற்குக் கையில் ஏதாவது வேண்டும். தம்பி நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு இன்ஸ்பெக்டருக்கு ஒரு பிரதியும், மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் ஒரு பிரதியும் இந்த வாரமே அனுப்பட்டும். விளக்கு எரியவில்லை, முக்கோணப் பலகை வைக்கவில்லை, தார்ச் சாலைக்குள் எத்தனை அடி நீட்டிக்கொண்டிருந்தது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்து, வாங்க வேண்டிய நகல்கள்: எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச் (அந்த இடத்தின் வரைபடம்), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை. ஆய்வாளர் அறிக்கையில் ‘இயந்திரக் கோளாறால் விபத்து ஏற்படவில்லை’ என்ற வரி இருந்தால் பயப்பட வேண்டாம். பகலில் ஸ்டேஷன் வாசலில் நிறுத்திப் பார்த்த அறிக்கை அது. இரவு பத்து மணிக்கு விளக்கு எரிந்ததா என்பதை அது சொல்லாது. லாரி எவ்வளவு நேரம் அங்கே நின்றது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். 1033 உதவி எண்ணுக்கு யாராவது பேசியிருந்தாலோ, நெடுஞ்சாலை ரோந்து வண்டி வந்திருந்தாலோ அதற்குப் பதிவு இருக்கும். லாரி கடைசியாகக் கடந்த டோல்கேட்டின் ஃபாஸ்டேக் நேரமும் இருக்கும். கேமரா பதிவுகள் சீக்கிரம் அழிந்துவிடும். அவற்றைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி ஸ்டேஷனுக்கும் டோல் நிர்வாகத்துக்கும் இன்றைக்கே கடிதம் கொடுங்கள்.

ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலை அவசியம் படித்துப் பாருங்கள். நள்ளிரவில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தவர் பதற்றத்தில் ‘பைக்கிலிருந்து விழுந்துட்டான்’ என்று சொல்லியிருப்பார். டாக்டரும் ‘டூவீலரிலிருந்து தானாக விழுந்தது’ என்று எழுதியிருப்பார். இன்ஷூரன்ஸ் தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, லாரிக்கும் இந்தக் காயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதாடும். அப்படி எழுதியிருந்தால், அழைத்து வந்தவர் யார் என்று கண்டுபிடித்து அவரைச் சாட்சியாக வைக்க வேண்டியிருக்கும்.

இனி, உங்கள் வழக்கின் சிக்கலான இடம். லாரி விளக்கில்லாமல் நின்றது நிரூபணமானாலும், ‘பைக்கில் ஹெட்லைட் இருந்ததே, பார்த்து ஓட்டியிருக்கலாமே’ என்று தம்பி மேலும் ஒரு பங்கு தவறு சுமத்தப்படலாம். எத்தனை சதவீதம் சுமத்துகிறார்களோ, அத்தனை சதவீதம் மொத்தத் தொகையில் கழியும். மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வையுங்கள். 40 வயதுக்குக் கீழே சொந்தத் தொழில் செய்பவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40% சேர்த்து 21,000. வருடத்துக்கு 2,52,000. வருட வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 31 முதல் 35 வயதுக்கு அந்தப் பெருக்கெண் 16, ஆக 40,32,000. வேலை செய்யும் திறனில் 40% போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஏற்றால் 16,12,800. சிகிச்சைச் செலவு, வலி வேதனைக்கான தொகை எல்லாம் தனி. இதில் தம்பி மேல் 25% தவறு என்றால் 4,03,200 ரூபாய் போய்விடும். மேலே சொன்ன தபாலும் டோல் பதிவும் மிச்சப்படுத்தித் தருவது இந்த நான்கு லட்சத்தை.

லைசென்ஸ் இல்லை, ஹெல்மெட் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் தவறு தானாக அவர் பக்கம் வந்துவிடாது. அந்தக் குறைதான் விபத்துக்கோ காயத்துக்கோ காரணம் என்று எதிர்த்தரப்பு காட்ட வேண்டும். நொறுங்கியது முழங்கால், அதற்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் குடித்திருந்தார் என்று பதிவேட்டில் இருந்தால் கதை வேறு. அதை மறைக்காமல் முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

லாரி ஓனரின் 60,000 விஷயம். மூன்றாம் நபரின் (இங்கே உங்கள் தம்பி) காயத்துக்கும் மரணத்துக்கும் தர வேண்டியது இன்ஷூரன்ஸ் நிறுவனம். ஓனர் ஏன் கைக்காசைக் கொடுக்கத் துடிக்கிறார்? பாலிசி காலாவதியாகியிருக்கலாம், பெர்மிட் இல்லாமல் இருக்கலாம். மத்திய அரசின் ‘பரிவாகன்’ இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பாலிசி எதுவரை என்று தெரியும். பாலிசி நடப்பில் இருந்து, லைசென்ஸ் அல்லது பெர்மிட்டில் குறை என்றால், நிறுவனம் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். டிரெய்லர் லாரி என்கிறீர்கள்: முன்னால் இழுக்கும் வண்டிக்கு ஒரு எண், பின்னால் உள்ள டிரெய்லருக்கு வேறு எண், பாலிசியும் பெரும்பாலும் தனித்தனி. தம்பி மோதியது டிரெய்லரில். எஃப்.ஐ.ஆரில் முன் வண்டியின் எண் மட்டும் இருந்தால் இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். மனுவிலும் இரண்டு வண்டிகளின் ஓனர்களையும் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசல் புரோக்கரைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். உங்கள் வார்டு எண் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசியுங்கள். உள்ளே இருக்கும் யாரோ விற்ற தகவல் அது. வெற்றுத் தாளில் வாங்கும் கையெழுத்து வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தாகும், பிரமாணப் பத்திரமாகும், நீங்கள் பார்த்தே இராத சமரச மனுவாகவும் ஆகும். ஒரே விபத்துக்கு இரண்டு ஊரில் மனுப் போட்டு மாட்டிவிட்டவர்களும் உண்டு. அப்போது பதில் சொல்ல வேண்டியது உங்கள் தம்பி. ‘ஜெயித்தால் 30 சதவீதம்’ என்ற பேச்சையும் ஏற்காதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதியே தடை செய்கிறது. பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, கையெழுத்திட்ட காசோலை எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே போங்கள்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் ஊரை எல்லையாகக் கொண்ட தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் 1 முதல் மீண்டும் வந்திருக்கிறது. அதை எதிர்த்த வழக்கில், தாமதத்துக்காக மனுவைத் தள்ளக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவு எப்போது வேண்டுமானாலும் மாறும். ஆறு மாதத்தைத் தாண்டாதீர்கள்.

அதே தேதியில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ள சட்டத்தில் இடம் உண்டு. அது ஒழுங்காக நடந்தால் புரோக்கருக்கு வேலையே இருக்காது. ஆனால் எலும்பு முறிந்தவரின் குடும்பம் ஸ்டேஷனுக்குப் பத்து முறை நடந்த பிறகும் படிவம் காலியாகக் கிடக்கிறது. கேட்டால், ‘பந்தோபஸ்து டியூட்டி’. ஐந்து வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். 90 நாள் முடியுமுன் அறிக்கையின் நிலை என்ன என்று எழுத்தில் கேளுங்கள், கடிதத்தின் பிரதியில் சீல் வாங்குங்கள்.

சமரசத்தில் முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று அழைப்பு வரும். தம்பியின் சிகிச்சை முடிந்து, மருத்துவக் குழு ஊனத்தின் அளவைச் சொல்லும்வரை ஒப்புக்கொள்ளாதீர்கள். லோக் அதாலத் உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. குழு 25% என்று எழுதினால் அதோடு நிற்க வேண்டியதில்லை. மெக்கானிக் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். மடங்காத முழங்கால் அவருடைய சம்பாத்தியத்தில் எவ்வளவைப் பறிக்கிறது என்பதுதான் கணக்கு. அதற்கு அவருடைய பட்டறையை அறிந்த ஒருவரைச் சாட்சி சொல்ல வையுங்கள்.