கீமோவுக்குப் பிறகு காய்ச்சல்: மாத்திரை போட்டுப் பார்க்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 56. மார்பகப் புற்றுநோய்க்கு ஜிப்மரில் 21 நாளுக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறார்கள். இரண்டாவது கீமோவுக்குப் பிறகு இரண்டு நாள் வாந்தி, அடுத்த வாரம் வாயெல்லாம் புண். ஒன்பதாம் நாள் ராத்திரி 101 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்தோம், விடிவதற்குள் இறங்கிவிட்டது. இனியும் இப்படிச் செய்யலாமா? என்ன சாப்பிடக் கொடுப்பது? (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: வாந்தி, வாய்ப்புண் இரண்டையும் பெரும்பாலும் வீட்டிலேயே சமாளிக்கலாம். காய்ச்சலை ஒருபோதும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். கீமோ மருந்து ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையும் பாதிப்பதால், ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அம்மாவுக்குக் காய்ச்சல் அடித்ததும் அந்த நாட்களில்தான். சீழும் வீக்கமும் உண்டாகவே வெள்ளணு வேண்டும். அது இல்லாதபோது உள்ளே கிருமி பெருகுவதைக் காட்டிக்கொடுப்பது பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான். பாராசிட்டமால் அதையும் மறைத்துவிடும், கிருமி அப்படியே இருக்கும். சில மணி நேரத்தில் பி.பி. இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நிலவேம்புக் கஷாயம் கொடுத்துக் காத்திருப்பதும் அதே தவறுதான்.

வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கட்டும். காபி, வெந்நீர் குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்து நாக்குக்கு அடியில் வையுங்கள். புண்ணால் முடியாவிட்டால் அக்குளில் வைக்கலாம், அங்கே சற்றுக் குறைவாகத்தான் காட்டும். 100.4 தொட்டால் கிளம்பிவிடுங்கள். குளிர் நடுக்கம் வந்தால் எவ்வளவு காட்டினாலும் கிளம்புங்கள்.

எங்கே போவது என்பதை இப்போதே கீமோ டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்து ஜிப்மர் போக புதுச்சேரி ஊரையே கடந்து கோரிமேட்டுக்குப் போக வேண்டும். ஆள் துவண்டு போயிருந்தாலோ மூச்சு வாங்கினாலோ அவ்வளவு தூரம் காத்திருக்காமல் 108ஐ அழைத்து கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வார்த்தையே "கீமோ ஏற்றி இன்று ஒன்பதாம் நாள், காய்ச்சல்" என்று இருக்கட்டும். வெறும் காய்ச்சல் என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆன்டிபயாட்டிக் ஊசியோ ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். சிகிச்சைச் சீட்டும் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவும் ஒரே பையில் தயாராக இருந்தால் தேட வேண்டியதில்லை.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு கொடுத்தால் பயன் குறைவு. சீட்டில் எழுதிய நேரப்படி, குமட்டல் இல்லாவிட்டாலும், சொன்ன நாள் வரை கொடுங்கள். ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலத்தை இறுக்கும். அதற்கு டாக்டர் தரும் மருந்து போதும், எனிமா வேண்டாம். ஆசனவாயில் சிறு கீறல் விழுந்தாலும் கிருமிக்கு வழியாகிவிடும். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் ஒரு நாள் போனால் மருத்துவமனைதான்.

வாய்ப்புண்ணுக்கு, ஆறவைத்த வெந்நீர் 250 மில்லியில் ஆப்ப சோடா கால் டீஸ்பூன், உப்பு அதில் பாதி. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்பட்டும். கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் பெரும்பாலும் ஆல்கஹால் கலந்தது, எரிச்சலைக் கூட்டும். வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், தனி மருந்து வேண்டும்.

சாப்பாட்டில் புளியும் காரமும் கொஞ்ச நாள் ஒதுங்கட்டும். குழைந்த பருப்பு சாதம், இட்லி, முழுதாக வெந்த முட்டை, நன்றாக வேகவைத்து முள் எடுத்து சாதத்தில் பிசைந்த மீன் எல்லாம் கொடுக்கலாம். தயிரைத் தள்ள வேண்டியதில்லை. நன்றாகக் காய்ச்சிய பாலில் உறை ஊற்றி அன்றன்றைக்குச் செலவழியுங்கள். பழைய சோறு, ஆஃப்பாயில், ரோட்டோர ஜூஸ் வேண்டாம். தோல் உரிக்கும் பழங்களை, கழுவிய பிறகு உரித்துக் கொடுங்கள்.

கீமோ ஏற்றிய 48 மணி நேரம் வாந்தி, சிறுநீர் பட்ட துணியைக் கையுறை போட்டு எடுத்துத் தனியாகத் துவையுங்கள்.

மூன்றாவது கீமோவுக்கு முன், அந்த ராத்திரி அடித்த 101 டிகிரி காய்ச்சலை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரையில் இறங்கிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் வெள்ளணுவைக் கூட்டும் ஊசி சேர்ப்பதா, மருந்தின் அளவை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்ய முடியும்.