பழைய புல்லட்டை வீட்டிலேயே பாபராக மாற்றுதல்: கேள்வி – பதில்

வார்ப்பிரும்பு எஞ்சின் பொருத்திய பழைய புல்லட் 350 வண்டியைப் பாபர் (bobber: மட்கார்டைக் குட்டையாக்கி, தேவையற்ற கனத்தைக் குறைத்த வண்டி) வடிவத்துக்கு மாற்றுவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். சென்னை திருவொற்றியூரில் பல்லாண்டுகள் தயாரான அந்த 346 சி.சி. வண்டிக்கு உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு நல்ல ஸ்பேனர் செட் இருந்தால் வீட்டு வாசலிலேயே பெரும்பகுதியைக் கழற்றிப் பூட்டலாம். ஆனால் கழற்றியதைத் திரும்பப் பூட்ட முடியும், அறுத்ததை அப்படித் திருப்ப முடியாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த எண்ணத்தோடு எழுதப்பட்டவை.

என்னிடம் 1980களில் வாங்கிய புல்லட் இருக்கிறது. முதலில் எதைக் கழற்ற வேண்டும்? (ஈரோடு)

முதலில் எதையும் கழற்றாதீர்கள். கோன் செட்டில் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்துப் பேரிங்) ஆட்டம் இருக்கிறதா, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருக்கிறதா, பிரேக் ஷூ எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். ஆட்டம் கண்ட வண்டியின் எடையைக் குறைத்து உட்காரும் இடத்தைத் தாழ்த்தினால், அந்தக் குறைகள் அப்படியே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாமல் போகும்.

1930, 40களில் அமெரிக்காவில் ஹார்லி, இந்தியன் வண்டிகளை ஓட்டியவர்கள் முன் மட்கார்டை நீக்கி, பின் மட்கார்டைக் குட்டையாக்கி, தேவையற்ற கனத்தைக் குறைத்ததில்தான் பாபர் வடிவம் உருவானது. சேஸிஸின் கழுத்தை அறுத்து, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை முன்னால் நீட்டுவது சாப்பர். அந்த வேலைக்கு வீடு ஏற்ற இடமன்று. எனவே நீளமான சீட்டை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்த தனிச் சீட்டைப் பொருத்துவது (பழைய புல்லட்டுகளில் கம்பெனியே இத்தகைய சீட்டைத்தான் தந்தது), பின் மட்கார்டுக்குப் பதிலாகக் குட்டையான வேறொன்றை மாட்டுவது, ஹேண்டில்பாரை மாற்றுவது ஆகிய மூன்றிலேயே வடிவம் பெருமளவு கிடைத்துவிடும். அசல் மட்கார்டை வெட்டாமல் பத்திரமாக எடுத்து வையுங்கள். முன் மட்கார்டை முற்றிலும் நீக்குவதை நான் ஆதரிப்பதில்லை. அதன் தாங்கிகள்தாம் ஃபோர்க்கின் இரு கால்களையும் இணைத்து முறுக்காமல் பிடிக்கின்றன. நீக்கியே ஆகவேண்டும் என்றால் அந்த இடத்தில் உறுதியான ஃபோர்க் பிரேஸ் ஒன்றைப் பூட்ட வேண்டும்.

இப்படி மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டினால் சட்டப்படி சிக்கல் வருமா? (சென்னை)

வரும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடமளிக்கிறது. பின்னால் அமர்பவருக்கான கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் சேலைக் காப்பு ஆகியவை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதிப்படி கட்டாயம். தனிச் சீட்டு வைத்த பாபரில் முதலில் காணாமல் போவது இவைதாம், ஆர்.சி.யில் உள்ள இருவர் இருக்கை என்ற பதிவுக்கும் அந்த வண்டி பொருந்தாது.

உங்கள் வண்டி 15 ஆண்டுகளைக் கடந்தது என்பதால் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது வண்டி ஆய்வாளர் முன் நிற்கும். மாற்றிய வடிவத்தைச் சொந்த நிலத்திலும் கண்காட்சியிலும் வைத்துக்கொண்டு, சாலைக்கு வரும்போது அசல் பாகங்களைப் பூட்டி வருவதே நேர்மையான வழி. தினமும் ஓட்டுவதற்குப் பாபர்தான் வேண்டும் என்போர் ஜாவா பெராக், ஜாவா 42 பாபர், 2024இல் வந்த கோவன் கிளாசிக் 350 போன்று கம்பெனியே பாபராகத் தயாரித்தவற்றைப் பார்க்கலாம்.

பின் ஷாக் அப்சார்பரை எடுத்துவிட்டு இரும்புத் தண்டு வைத்தால் பழைய ஹார்ட்டெயில் (பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத வண்டி) தோற்றம் வரும் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா? (கோயம்புத்தூர்)

செய்யாதீர்கள். ஸ்பிரிங் இல்லாத பழைய சேஸிஸ்களில், பின்சக்கர அச்சிலிருந்து நேரான குழாய்கள் முக்கோணமாகச் சென்று முதன்மைச் சட்டத்தோடு சேரும். குழியில் விழும் அடி அந்தக் குழாய்களின் நீளவாக்கில் பரவும். ஸ்விங் ஆர்முடன் 1949இல் வந்த புல்லட்டின் சேஸிஸ் அப்படி அமைந்ததன்று. அதன் பின்புற வளைவு, ஷாக் அப்சார்பர் மென்மையாக்கிய விசையைத் தாங்குவதற்காக மட்டுமே வைக்கப்பட்டது. அங்கே தண்டைப் பூட்டினால் ஒவ்வொரு அடியும் குறையாமல் மேல் போல்ட்டில் இறங்கும். பெயின்ட்டுக்கு அடியில் விரிசல் தொடங்கி, கண்ணில் படாமலேயே வளரும்.

தாழ்வான தோற்றந்தான் வேண்டுமென்றால் 25 மி.மீ. குட்டையான ஷாக் அப்சார்பர் போதும். இவ்வண்டியின் சக்கர இடைவெளி ஏறக்குறைய 1,370 மி.மீ. என்பதால், பின்பக்கம் அவ்வளவு தாழ்ந்தால் ஃபோர்க்கின் சாய்வு சுமார் ஒரு பாகை கூடும். நேர்ச்சாலையில் நிதானமும் திருப்பத்தில் சற்று மந்தமும் தெரியும். அதைவிட முக்கியமானது சைடு ஸ்டாண்ட். வண்டி முன்பைவிட நிமிர்ந்து நின்று வலப்பக்கம் சாயப் பார்க்கும் என்பதால் ஸ்டாண்டையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவதும் கனக்கும்.

புதிய மட்கார்டின் இடைவெளியை வண்டி நிற்கும் நிலையில் அளக்கக் கூடாது. ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, மிஞ்சும் உருளையான டாம்பரை மட்டும் பூட்டி, சக்கரத்தை முழுவதும் மேலே தூக்கி வைத்து அளவெடுங்கள். அந்த நிலையிலும் டயருக்கும் மட்கார்டின் போல்ட் தலைகளுக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும்.

பின்னால் 5.00-16 அளவுப் (5 அங்குல அகலம், 16 அங்குல ரிம்) பருமனான டயர் போட முடியுமா? (மதுரை)

உயரம் தடையில்லை. அசல் 3.25-19 டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 25.5 அங்குலம், 5.00-16 டயருக்கு 26 அங்குலம். பாபர்களில் 16 அங்குல ரிம் அழகாகப் பொருந்துவதற்கு இதுவே காரணம். அகலத்தில்தான் சிக்கல். டயர் 44 மி.மீ. அகலமாவதால் ஒவ்வொரு பக்கமும் 22 மி.மீ. வெளியே வரும், இடப்பக்கம் செயினை உரசும். புல்லட்டில் பின் ஸ்பிராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே துண்டு என்பதால் ஸ்பிராக்கெட்டை மட்டும் வாஷர் வைத்து வெளியே தள்ள வழியில்லை. சில பட்டறைகள் ஸ்போக்கை இழுத்து ரிம்மை வலப்பக்கம் ஒதுக்கிக் கட்டித் தருகின்றன. அப்போது முன், பின் சக்கரங்கள் ஒரே கோட்டில் ஓடாமல் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

என் பரிந்துரை 3.50-19. பக்கத்துக்கு 3 மி.மீ. மட்டுமே கூடும், ரிம்மையும் மாற்ற வேண்டியதில்லை. இன்னும் பருமன் வேண்டுமென்றால் 18 அங்குல ரிம்மில் 4.00-18 போடலாம், பக்கத்துக்கு 9.5 மி.மீ. கூடும் என்பதால், ரிம் வாங்குவதற்கு முன் இப்போதைய டயருக்கும் செயினுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, புதிய டயர் ஏறிய பின்னும் குறைந்தது 10 மி.மீ. மிஞ்சுமா என்று பாருங்கள்.

ஹெட்லைட் காஸ்கெட்டை (casquette: விளக்கைச் சுற்றியுள்ள உலோக உறை) நீக்கிவிட்டு உருண்டையான தனி விளக்கு வைக்கலாமா? (தஞ்சாவூர்)

அது வெறும் மூடியன்று. ஃபோர்க் கால்களின் மேல்முனைகளை இறுக்கிப் பிடிக்கும் மேல் நுகமே அந்த அலுமினிய வார்ப்புதான். பொருத்தமான தனி நுகம் கையில் கிடைத்த பிறகே அதைக் கழற்றுங்கள்.

பேட்டரியை மறைத்து வைக்க விரும்புகிறேன். வயரிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்? (சேலம்)

ஆசிட் ஊற்றும் பழைய பேட்டரியைச் சீட்டுக்கு அடியில் படுக்க வைக்கக் கூடாது; சீல் செய்த வகையைத் தேர்ந்தெடுத்து, ரப்பர் ஒட்டிய இரும்புப் பெட்டியில் இறுக்குங்கள். 12 வோல்ட்டில் 60 வாட் ஹெட்லைட் மட்டுமே 5 ஆம்பியர் இழுக்கும் என்பதை நினைவில் வைத்து வயரின் பருமனைத் தேர்ந்தெடுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்கட்டும். சேஸிஸின் மேலுள்ள பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாததால், சேஸிஸை நம்பாமல் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுப்பது நல்லது. வெல்டிங் வேலை ஏதேனும் இருந்தால் அதற்கு முன் பேட்டரி, ரெகுலேட்டர் இரண்டின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். பெட்ரோல் டாங்க்கை வீட்டில் ஒருபோதும் வெல்டிங் செய்ய வேண்டாம். காலியான டாங்க்கிலும் ஆவி தங்கியிருக்கும், அது வெடிக்கும்.

சைலன்சரைக் குட்டையாக்கிய பின் எஞ்சின் அதிகம் சூடாகிறது. ஏன்? (திருநெல்வேலி)

தடை குறைந்ததால் காற்று கூடி, பெட்ரோலின் விகிதம் குறைந்திருக்கிறது. அசல் சைலன்சரைத் திரும்பப் பூட்டுவதே நல்லது. சத்தத்துக்கும் அதுவே தீர்வு. அதன் பின்னும் சூடு குறையவில்லை என்றால், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரே ஒரு அளவு பெரிதாக்கிச் சிறிது தூரம் வேகமாக ஓட்டி, எஞ்சினை உடனே நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் இன்னும் போதவில்லை, கருத்திருந்தால் மிகை. இளம்பழுப்பு வரும்வரை மாற்றுங்கள்.