டோக்கியோவில் கிறிஸ்துமஸ்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறை. இப்போது டோக்கியோவில் வேலை. நவம்பரிலேயே தெருவெல்லாம் விளக்கு போட்டுவிட்டார்கள். ஆனால் டிசம்பர் 25 இங்கே வேலைநாள். கிறிஸ்துமஸ் என்றால் இவர்களுக்குப் பொரித்த கோழி, ஸ்ட்ராபெரி கேக், காதலர்கள் வெளியே போகும் ராத்திரி, அவ்வளவுதான். இயேசுவே இல்லை. ஆபீஸ் பார்ட்டிக்குக் கூப்பிடுகிறார்கள், போக மனசு வரவில்லை. அறையிலேயே ஜெபித்துவிட்டுப் படுத்துவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானா?

வாசகி, டோக்கியோ

அன்புள்ள தங்கைக்கு,

பார்ட்டிக்குப் போங்கள்.

டிசம்பர் பிறந்தால் தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனையோ இந்து வீடுகளில் ஸ்டார் தொங்கும். கேரல் பாட வருகிறவர்களுக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுக்கும் அம்மாமார் பலருக்குப் பெத்லகேம் கதை முழுசாகத் தெரியாது. அதற்காக நாம் வருத்தப்பட்டதுண்டா? சந்தோஷம்தானே பட்டோம். அப்புறம் டோக்கியோவில் மட்டும் அது ஏன் குத்துகிறது? அங்கே நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். வலி அதில்தான் இருக்கிறது, அவர்களுடைய கேக்கில் இல்லை. பொரித்த கோழி 1974-இல் கே.எஃப்.சி. செய்த விளம்பரத்தால் பரவிய வழக்கம், உண்மைதான். ஆனாலும் அதை வாங்கிக்கொண்டு பிள்ளைகளிடம் ஓடுகிற ஒரு அப்பாவின் அன்பை என்னால் குறைத்துப் பேச முடியாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். 1544-இல் நம் கடற்கரை ஊர்களில் முக்குவ மீனவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாரே, நம்முடைய கோட்டாறு சவேரியார், அவர்தான் 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினார். அவர் கிளம்பிப் போன பிறகு, 1552-இல், அவருடைய தோழர்கள் யாமகுச்சியில் கிறிஸ்துமஸ் பூசை வைத்தார்கள். 1614-இல் நாடு முழுக்கக் கிறிஸ்தவத்துக்குத் தடை வந்தது. நாகசாகிப் பக்கத்து விவசாயிகளும் மீனவர்களும், பிற்பாடு ஒரு குருவானவர்கூட இல்லாமல், இருநூறு வருடத்துக்கு மேல் விசுவாசத்தை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். 1865-இல் அவர்களில் சிலர் நாகசாகியின் ஓவுரா கோவிலுக்கு வந்து, அங்கிருந்த பிரெஞ்சுக் குருவிடம் தாங்களும் அதே விசுவாசம்தான் என்று மெல்லச் சொன்னார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அவர்கள் கதவடைத்து ஜெபித்தது வேறு வழியில்லாமல். உங்களுக்கு அப்படி என்ன கட்டாயம்?

டோக்கியோவிலேயே யோட்சுயாவில் புனித இஞ்ஞாசியார் கோவில் இருக்கிறது. ஆங்கிலப் பூசையும் உண்டு. 24 அன்று அங்கே போய்விடுங்கள். ஜப்பானியக் கத்தோலிக்கர்களோடு பிலிப்பைன்ஸ்காரர்களும் வியட்நாம்காரர்களும் இருப்பார்கள், அவர்களும் வீட்டைப் பிரிந்து வந்தவர்கள்தான்.

25 முடிந்ததும் அங்கே மரத்தை எடுத்துவிட்டுப் புத்தாண்டுக்கு மூங்கில் அலங்காரம் வைத்துவிடுவார்கள். நீங்கள் ஸ்டாரைக் கழற்றாதீர்கள், ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் கிடக்கட்டும். அதற்குள் ஒரு லீவு நாளில் ஆபீஸ் தோழிகளை அறைக்குக் கூப்பிட்டு நம் ஊர்ப் பலகாரமான முந்திரிக்கொத்து செய்து கொடுங்கள். சிறுபயறு இந்தியக் கடைகளில் கிடைக்கும். வெல்லத்துக்கு அலைய வேண்டாம், ஒகினாவாவின் கருப்புச் சர்க்கரையே போதும். பாகை மட்டும் நன்றாகக் கெட்டியாக எடுங்கள், இல்லாவிட்டால் உருண்டை நிற்காது.